எல்லாம் புரிந்தது

12 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் வீட்டுக்காரி அண்ணியைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எங்கள் வீட்டு வாலு உனக்கென்று ஒரு படம் வரைந்து உறைக்குள் வைத்திருக்கிறது. உன்னால் பார்க்க முடியாதே என்றேன். "நர்ஸ் ஆன்ட்டி பாத்து சொல்லுவாங்கப்பா" என்று என் வாயை அடைத்துவிட்டது. கடிதத்தைப் படித்துக் காட்டுபவர் படத்தைச் சொல்ல மாட்டாரா என்ன. நீல நிறத்தில் இருப்பது நான். ஏன் எனக்குக் காது இல்லை என்று தெரியவில்லை.

ஒரு சேதி. ஏழு வருஷம் டிக்கெட் பிரிவில் குப்பை கொட்டியவனை இப்போது பயிற்சிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நீயும் நானும் சம்பளம் வாங்கும் பஸ் கம்பெனிமேல் வரிசையாகப் புகார். கட்டைக்கால் வைத்த ஒருவர் ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள். காது கேளாத பெண்ணிடம் ஒரு கண்டக்டர் கத்தோ கத்தென்று கத்தியிருக்கிறார். இனி கண்டக்டர், டிரைவர் எல்லோருக்கும் வகுப்பு. அவர்களே கண்ணைக் கட்டிக்கொண்டு, காதை அடைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறத்தியார் கஷ்டத்தைத் தானே பட்டுப் பார்த்தால் மனசு மாறும் என்பது திட்டம். நடத்துவது உன் தம்பி.

ஒத்திகைக்கு நானே முதலில் கட்டிக்கொண்டேன். என் சொந்த அறையிலேயே அலமாரியில் மோதி, தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, நாற்காலி என்று நினைத்து பியூன் மடியில் உட்காரப் போனேன். அக்கா, அந்த ஒரு மணி நேரத்தில் உன்னை முழுசாகப் புரிந்துகொண்டேன். பதினோரு வருஷமாக உனக்குப் பார்வை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றுதான் உறைத்தது. துணியை அவிழ்த்ததும் அழுதுவிட்டேன்.

வகுப்பில் சொல்ல உன் அனுபவம் ஏதாவது எழுது. நேரில் வந்து கேட்க வேண்டும் என்றுதான் ஆசை. போன வருஷமும் இதையேதான் எழுதினாய் என்று சொல்லாதே. லீவு கிடைத்ததும் வருகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


25 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் அதன் பாட்டுக்கு முனகுகிறது, நான் கண்டுகொள்வதில்லை. அதிகாரியாகிவிட்டாய், சந்தோஷம். பியூனுக்கு என் அனுதாபம்.

படத்தை நர்ஸ் பத்து நிமிஷம் வர்ணித்தாள். உனக்குக் காது இல்லாததற்குக் காரணம், வாலு சொல்வதை நீ கேட்பதில்லை என்பதுதானாம். நர்ஸின் ஊகம், என்னுடையது அல்ல. பக்கத்து அறையில் இவள் இருப்பதால் இந்த விடுதியில் என் பொழுது போகிறது. உன் கடிதத்தை நல்ல ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். நீ அழுத இடத்தில் அவளும் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள்.

நீ ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டாயே, அது முதல் நாள் குருடு. முதல் நாள் நானும் பானையைக் கவிழ்த்தவள்தான். இப்போது நான் பதினோராம் வருஷத்தில் இருக்கிறேன். ஆபீஸில் ஒலிநாடாவைக் கேட்டு நாளைக்கு நாற்பது பக்கம் டைப் அடிக்கிறேன். கிளை மேனேஜரின் இலக்கணப் பிழைகளை அவருக்குத் தெரியாமல் திருத்துகிறேன். ஆபீஸ் முடிந்ததும் அதே மெஷினில் உனக்குக் கடிதம். நானே மடித்து, நானே ஒட்டி, நானே பெட்டியில் போடுகிறேன். வருகிற கடிதத்தைத்தான் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது, போகிற கடிதமாவது எனக்கும் உனக்கும் நடுவில் இருக்கட்டும் என்று யாரிடமும் காட்டிச் சரிபார்ப்பதில்லை.

அனுபவம் கேட்டாய். கண்டக்டர்களிடம் சொல்: ஸ்டாப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். நான் உட்காரும்வரை விசில் கொடுக்காதீர்கள். முழங்கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நான் மூட்டை இல்லை. "இந்தம்மா எங்க இறங்கணும்?" என்று என் பக்கத்தில் நிற்பவரைக் கேட்காதீர்கள்.

முட்டிக்கொள்வது பெரிய கஷ்டம் இல்லை தம்பி. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். பேசிக்கொண்டிருப்பேன். அவர் சத்தமில்லாமல் எழுந்து போயிருப்பார். நான் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டே இருப்பேன். யாராவது சிரித்தால்தான் தெரியும். "நான் போறேன்" என்று இரண்டு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. இதற்கு என்ன பயிற்சி கொடுப்பாய் என்று யோசி.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். வாலுவுக்கு என் முத்தம்.

அக்கா


20 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? இங்கே வாலுவுக்கு ஜுரம் வந்து போனது. இப்போது பழையபடி வீட்டைத் தலைகீழாக்குகிறது. எனக்குத்தான் தூக்கம் சரியில்லை.

வகுப்பு படுதோல்வி அக்கா. கண்ணைக் கட்டிவிட்டால் கண்ணாமூச்சி விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் இன்னொருவர் இடுப்பில் கிள்ளுகிறார். சக்கர நாற்காலியில் பந்தயம் விடுகிறார்கள். மீசைக்காரர் என்று ஒரு டிரைவர், இருபது வருஷ சர்வீஸ். "சார், கண்ணக் கட்டினா ஜாலியாத்தான் இருக்கு. மத்தியானம் தூங்க வசதி" என்கிறார். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் கதவோரம் நின்று பார்த்தார். "இன்னும் ரெண்டு மாசம் பாக்கறேன், இல்லன்னா மூட்ட கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் பெயரைச் சொல்லாமல் காலி நாற்காலி விஷயத்தை வாசித்துக் காட்டினேன். நாலு பேர் தலையைத் தொங்கப்போட்டார்கள். மற்றவர்கள் மணியைப் பார்த்தார்கள். நீ எழுதுவது எல்லாம் நியாயம்தான். ஆனால் கொஞ்சம் கிண்டலாக எழுதிவிடுகிறாய். கேட்பவன் நெஞ்சைத் தொடுவது மாதிரி, இன்னும் உருக்கமாக ஏதாவது எழுதேன். நீ தனியாக இருக்கும்போது அழுவாய் அல்லவா, அந்த மாதிரி.

கோபித்துக்கொள்ளாதே. இதை விட்டால் எனக்கு டிக்கெட் பிரிவுதான்.

உன் தம்பி


6 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

வாலுவுக்கு ஜுரம் விட்டது கேட்டு நிம்மதி. நீ நேரத்தோடு தூங்கு. நான் நலம். இன்று காலை முழுக்கச் சுற்றறிக்கைகளுக்கு ஸ்டென்சில் வெட்டினேன், விரல் நுனி எல்லாம் மரத்துப்போயிருக்கிறது.

முதலில் சண்டை. என் கடிதத்தை என்னைக் கேட்காமல் வகுப்பில் வாசித்தது தப்பு. உனக்கு எழுதியது உனக்கு. உருக்கம் வேண்டும் என்கிறாய், கையிருப்பு இல்லை. நான் அழுவது நடக்கிற விஷயம்தான், ஆனால் மீசைக்காரர் சிரிக்காமல் இருப்பதற்காக அழ மாட்டேன். இத்தோடு சண்டை முடிந்தது.

இப்போது விஷயம். விடுதியை மூடுகிறார்கள். ஏப்ரல் முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிவிட்டாள். எனக்கு ஒரு மாடி அறை கிடைத்திருக்கிறது. கீழே சைக்கிள் கடை. வீட்டுக்காரர் தம்பதி நல்ல மாதிரி. அறையைப் பற்றிக் கவலை இல்லை. வழிதான் புதுசு. இங்கிருந்து ஆபீஸுக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் மேடு, எங்கே திரும்ப வேண்டும் என்பது என் காலுக்கே தெரியும். புது வழியில் இரண்டு தெரு, ஒரு பெரிய ரோடு, ஒரு நீளமான சாக்கடை. சாக்கடைக்கு மூடி கிடையாதாம். காலுக்குப் பழகும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நடக்க வேண்டும். கையைப் பிடிக்க வேண்டாம், கூட நடந்து, இதோ பள்ளம், இதோ கம்பம் என்று சொன்னால் போதும். எனக்கு மூன்று நாள் போதும்.

நீ வர முடியுமா? ஏப்ரல் கடைசி வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள். ஆபீஸில் யாரையாவது கேட்கலாம். கேட்டால் வருவார்கள். ஆனால் முதல் நாள் நான் தடுமாறுவேன், நின்று நின்று திரும்புவேன், பயப்படுவேன். அதை நீ பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. வேறு யாரும் பார்க்க வேண்டாம். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, அதனால் எப்படிக் கேட்பது என்று கூடத் தெரியவில்லை.

வருகிறேன், வர முடியாது, இரண்டில் ஒன்று எழுது. முடியாது என்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன். வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா


11 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? பதில் போட ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது, தலைக்குமேல் வேலை.

உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் புரிந்தது. நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும், நான் என்ன புதிதாகச் சொல்லப்போகிறேன். உன் மாதிரி தைரியம் யாருக்கும் வராது அக்கா. எந்த நிலைமையிலும் சமாளித்துவிடுவாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

வகுப்பு பிய்த்துக்கொண்டு போகிறது. மீசைக்காரர் போன வாரம் எழுந்து நின்று, "தப்புப் பண்ணிட்டேன் சார், நானும் ஒருத்தர அப்பிடி விட்டுட்டுப் போயிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். மேனேஜர் என் தோளில் தட்டினார். புகார் பாதியாகக் குறைந்துவிட்டது. எப்படி மாறியது என்பதை நேரில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதினால் சரியாக வராது.

ஜூன்வரை அசைய முடியாது போலிருக்கிறது. அதற்குப் பிறகு கட்டாயம் வருகிறேன். நர்ஸுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


15 மே

தம்பிக்கு,

இருக்கிறேன். அனைவரும் நலமா?

புது அறைக்கு வந்தாயிற்று. விலாசம் உறையின் பின்பக்கம். கை கொஞ்சம் சுணக்கம், அதனால் நீளமாக எழுதவில்லை. வழி பழகிவிட்டது.

நர்ஸ் போய்விட்டாள். உன் கடிதங்களை இனி ஆபீஸ் டெலிபோன் ஆபரேட்டர்தான் படிக்க வேண்டும். அவளுக்கு எல்லாவற்றையும் ரயில் நேரம் சொல்வது போலச் சொல்லித்தான் பழக்கம்.

வகுப்பு நன்றாக நடப்பதில் சந்தோஷம்.

அக்கா


2 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுருக்கமான கடிதம் வந்தது. புது விலாசம் குறித்துக்கொண்டேன். அறை காற்றோட்டமாக இருக்கிறதா? எப்படி மாறினாய், யார் சாமான் தூக்கினார்கள், எல்லாம் விவரமாக எழுது. முன்பே எழுதியிருந்தாலும் இன்னொரு தரம் எழுது, பரவாயில்லை. கைக்கு என்ன? நிறைய டைப் அடிக்காதே. என் வீட்டுக்காரி ஒரு தைலம் பெயர் சொன்னாள், தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

நம் வகுப்பு எல்லாக் கிளைகளுக்கும் போகிறது. உன் கிளைக்கு இந்த மாசக் கடைசியில். நான் வரவில்லை, பயணக்குழு என்று ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதற்கு வேறோர் அதிகாரி. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்வார்.

அக்கா, நீ அதற்குப் போக வேண்டாம். உனக்கு எதற்கு அந்த வகுப்பு. பிரசங்கம் செய்யப்போவதே உன்னைப் போன்றவர்களைப் பற்றித்தானே. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஓய்வெடு. நான் வேண்டுமானால் உங்கள் மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி


28 ஜூன்

தம்பிக்கு,

சாமான் தூக்கியவர் சைக்கிள் கடைக்காரர். அறையில் காற்று வருகிறது. உன் கேள்விகள் முடிந்தன.

லீவு போடவில்லை. எல்லோரும் வர வேண்டும், விலக்கு இல்லை என்று சுற்றறிக்கை. அதை டைப் அடித்ததே நான்தான். முப்பது பேரை வரிசையாக உட்கார வைத்தார்கள். என்னை முன் வரிசையில். உன் அதிகாரி ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். பிறகு, "எல்லாருக்கும் ஒரே ரூல்மா" என்று எனக்கும் கட்டினார். கையில் மாவுக்கட்டு இருந்ததால் முடிச்சை நானே போட்டுக்கொள்ள முடியவில்லை, அவர்தான் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு தாள். தடவிப் பார்த்து என்னவென்று சொல்லுங்கள் என்றார். என் கைக்கும் வந்தது. ஓரமெல்லாம் துணி மாதிரி நைந்திருந்தது. அங்கங்கே லேசாகப் புடைப்பு. டைப் அடித்த தாளின் பின்பக்கம் என்று நினைத்தேன். அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் சொன்னார்: "இது ஒரு லெட்டர். நம்ம ஆபீசர் ஒருத்தரோட அக்கா. கண்ணு தெரியாது. டைப்பிஸ்ட். எங்கயோ ஒரு ஊர்ல தன்னந்தனியா இருக்காங்க. தம்பிக்கு ஆசையா ரெண்டு பக்கம் அடிச்சு அனுப்பியிருக்காங்க. ஒரு எழுத்துகூட விழல. வெறும் பேப்பர். இது இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. இப்பக் கட்ட அவிழ்த்துட்டு இந்தப் பேப்பரப் பாருங்க." முப்பது பேரும் அவிழ்த்தார்கள். பின்னால் யாரோ விசும்பும் சத்தம். பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். என் தம்பி தலைமை அலுவலகத்தில் அதிகாரி என்று அவளுக்குத் தெரியும். நான் கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

என்ன நடந்தது என்று எனக்கு இப்போது புரிகிறது. ஸ்டென்சில் வெட்டும்போது ரிப்பன் எழும்பக் கூடாது, எழுத்து மெழுகுத் தாளைக் கிழிக்க வேண்டும். அதற்காக ஒரு குமிழைத் திருப்பி வைப்போம். அன்று அதைத் திரும்ப மாற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் முதல் தரம்.

அது என் தவறு. ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ. அக்கா, எழுத்து விழவில்லை, மறுபடி அடி என்று. எழுதாமல், எல்லாம் புரிந்தது என்று எழுதினாய். என்ன புரிந்தது உனக்கு? நீ அதை ஊர் ஊராக அனுப்பி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய், என்னைத் தவிர. எனக்கு அவமானமாக இருக்கிறது, அதைவிட அதிகமாகக் கோபமாக இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் மூன்று பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் தன் பெயரைச் சொல்லவில்லை. எப்போது போனார்கள் என்றும் தெரியவில்லை.

அக்கா


4 ஜூலை

அக்கா,

காலையில் உன் கடிதம் வந்தது, உடனே எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், மாவுக்கட்டு எதற்கு? எப்போது விழுந்தாய்? எங்கே?

உறையைப் பிரித்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதை நர்ஸ் உரக்கப் படிப்பாரே, உன் வேலையில் நீ செய்த பிழையை இன்னொருத்தி வாயால் நீ கேட்க வேண்டுமே என்று கை வரவில்லை. உனக்கு டைப்பிங்தான் பெருமை. அதைக் குலைக்க எனக்கு மனசில்லை. வழக்கமான கடிதமாகத்தான் இருக்கும், அவசரம் என்றால் மறுபடி எழுதுவாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சத்தியமாக உனக்காகத்தான் அப்படி நினைத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் மறுபடி அதே கூத்து. என் சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. ஆத்திரத்தில் எடுத்துக் காட்டிவிட்டேன். சொல்லி முடித்தபோது அறையே அமைதியாகிவிட்டது. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு விட முடியவில்லை அக்கா. ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. பிறகு அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், தடவிப் பார்க்கும் பயிற்சி அவர்களாகச் சேர்த்தது. நான் தடுக்கவில்லை.

தாள்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். அதற்குள் நீயே சொல்லிவிடேன். அதில் என்ன எழுதியிருந்தாய்?

என்னைத் திட்டியாவது எழுது.

தம்பி


9 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாசம் தாண்டிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆபீஸுக்கு டெலிபோன் செய்தேன். நீ சீட்டில்தான் இருக்கிறாய் என்றார் ஆபரேட்டர். பிறகு நீ சீட்டில் இல்லை என்றார். உடம்பு தேவலையா, அதை மட்டுமாவது சொல்.

தாள்கள் வந்துவிட்டன. வாலுவின் பென்சிலைச் சீவி, பட்டும் படாமலும் தேய்த்துப் பார்த்தேன். மை இல்லாவிட்டாலும் எழுத்து அழுந்திய தடம் தெரியும் என்று டைப்பிங் பிரிவில் சொன்னார்கள். மார்ச்சிலேயே செய்திருந்தால் முழுசும் தெரிந்திருக்கும். இப்போது ஆயிரம் பேர் தடவித் தடவித் தாள் வழுவழு என்று ஆகிவிட்டது. மேலே "அன்புள்ள தம்பிக்கு" என்பது தெரிகிறது. முதல் தாளின் கடைசியில் "மூன்று நாள்" என்று இருக்கிறது. அடுத்த தாளில் மறுபடியும் "மூன்று நாள்". வேறு எதுவும் எழவில்லை. வாலு பூதக்கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தது, அதிலும் இல்லை.

என்ன மூன்று நாள் அக்கா? நான் ஏதாவது செய்திருக்க வேண்டுமா? யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கதையை இனி சொல்லக் கூடாது என்று மேனேஜரிடம் சொன்னேன். தாளைத் திரும்ப வாங்கிவிட்டேன் என்றும் சொன்னேன். "அதனால என்ன, வெள்ளப் பேப்பர்தானே, ஸ்டோர்ல கேட்டா கட்டுக்கட்டாத் தருவாங்க" என்றார். பயணக்குழு இப்போது புதுத் தாளை வைத்து நடத்துகிறது.

நான் கிளம்பி வரட்டுமா? லீவு கேட்டால் தருவார்கள்.

உன் தம்பி


30 ஆகஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கைக்கட்டை ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை, ஆனால் டைப் அடிக்க மணிக்கட்டு எதற்கு. நேரத்துக்குச் சாப்பிடு. சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதுவதால் யாருக்கு லாபம்.

பதில் போடாமல் இருந்தது கோபத்தால்தான். இன்னும் முழுசாகப் போகவில்லை. இந்தக் கடிதத்தை ஆபரேட்டரிடம் காட்டினேன். எழுத்து நன்றாக விழுந்திருக்கிறதாம். இனி எல்லாக் கடிதத்தையும் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

உன் வகுப்பால் பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். இப்போது பஸ் எனக்காக நிற்கிறது. ஒரு கண்டக்டர் என்னைக் கண்டாலே, "ஐயோ, வாங்கம்மா" என்று குரலில் கண்ணீரோடு இரண்டு கையையும் பிடித்துத் தூக்குகிறார். அவரிடமிருந்து தப்பிக்க அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். இன்னொருவர் இருக்கிறார். "படி ரெண்டு. வலது பக்கம் சீட்டு காலி" என்பார். உட்கார்ந்ததும் விசில். இறங்கும் முன்னால், "நான் பின்னாடி போறேம்மா, உங்க ஸ்டாப்புக்குச் சொல்றேன்" என்பார். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவருக்கு உன் வகுப்பு கற்றுக்கொடுத்ததா, அவர் அம்மா கற்றுக்கொடுத்தாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. நாளில் நான் அதிகம் பேசுவது அவரிடம்தான், அதுவே நாலு வார்த்தை இருக்கும்.

வரட்டுமா என்று கேட்டாய். மன்னிப்புக் கேட்பதற்கென்று வராதே. நீ அழுவாய், நான் தேற்ற வேண்டியிருக்கும், எனக்கு இப்போது தெம்பில்லை. லீவு என்று வா, வாலுவையும் அழைத்து வா. பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இந்தத் தெருவெல்லாம், மூடியில்லாத சாக்கடை உட்பட, எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

மூன்று நாள் என்ன என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். மார்ச்சில் எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. மூன்று நாள் இருந்தது. அதைத்தான் எழுதியிருப்பேன்.

அப்போதே சரியாகிவிட்டது.

அக்கா